மூன்று வயதுக்கு டிஸ்னி எதற்கு?

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரை ஒட்டியிருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. மூன்று முடிந்துவிட்டால் காசு. பத்து வயதாகிவிட்டால் பெரியவர்களுக்கான கட்டணம். 1971 அக்டோபர் 1 அன்று இந்தப் பூங்கா திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். இன்று ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலரைத் தாண்டிவிட்டது. ஓட்டல், சாப்பாடு, வரிசையைத் தாண்டிப் போவதற்குத் தனிக் கட்டணம் என்று சேர்த்துக்கொண்டே போனால், நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் ஆகும் செலவில் நம் ஊரில் ஒரு நல்ல பைக் வாங்கிவிடலாம்.

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகிற நம் தாத்தா பாட்டிகளின் பயணத் திட்டத்திலும் ஆர்லாண்டோ பெரும்பாலும் இடம்பிடித்துவிடுகிறது. டிக்கெட் போடும்போதே வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இவ்வளவு செலவு பண்றீங்களே, குழந்தைக்கு இது ஞாபகமா இருக்கப்போகுது?”

கேள்வி நியாயமானது. வியப்பு என்னவென்றால், இதே டிஸ்னி வேர்ல்டை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். நினா ஹேமண்ட், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்களின் ஆய்வு 1991-இல் வெளியானது. அங்கே போய்வந்த 48 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். போனபோது பாதிப் பேருக்கு மூன்று வயது ஒரு மாதம், மீதிப் பேருக்கு நான்கு வயது ஒரு மாதம். சிலரை ஆறு மாதம் கழித்தும், சிலரை ஒன்றரை வருடம் கழித்தும் உட்காரவைத்துக் கேட்டார்கள். சின்னவர்கள் மறந்திருப்பார்கள் என்றுதானே யாரும் எதிர்பார்ப்போம்? மறக்கவில்லை. ஒன்றரை வருடம் கழிந்த பிறகும் எல்லாக் குழந்தைகளும் நிறையச் சொன்னார்கள், சரியாகவும் சொன்னார்கள். மூத்த குழந்தைகள் தாமாகவே, விவரமாகச் சொன்னார்கள். சின்னவர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒன்றரை வருடம் தாங்கிய நினைவு ஐந்து, ஆறு வருடம் தாங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கான பதில் 2014-இல் வந்தது. எமோரி பல்கலைக்கழகத்தின் பட்ரீஷியா பாவர் குழுவினர் 83 குழந்தைகள் மூன்று வயதில் தம் பெற்றோரிடம் பிறந்தநாள், மிருகக்காட்சிசாலை என்று நடந்தவற்றைப் பேசுவதைப் பதிவு செய்து வைத்தார்கள். பிறகு ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள், ஒவ்வொரு பிரிவையும் ஒவ்வொரு வயதில், கூப்பிட்டு அதே சம்பவங்களைக் கேட்டார்கள். ஐந்திலிருந்து ஏழு வயது வரை இருந்தவர்களுக்கு 63 முதல் 72 சதவீதம் நினைவிருந்தது. எட்டு, ஒன்பது வயதுக்காரர்களிடம் அது ஏறக்குறைய 35 சதவீதமாகச் சரிந்திருந்தது. பெரியவர்களான நமக்கு மூன்று வயதுக்கு முன் நடந்தது அநேகமாக எதுவும் நினைவில்லையே, அந்தக் ‘குழந்தைப் பருவ மறதி’ ஏழு வயதை ஒட்டித்தான் வேலையைத் தொடங்குகிறது. ஆக, மூன்று வயதில் டிஸ்னி பார்த்த குழந்தை ஒன்றாம் வகுப்பில் தோழியிடம் அதைப் பற்றிப் பெருமையடிக்கும். மூன்றாம் வகுப்பில் அம்மா ஆல்பத்தைக் காட்டினால்தான் உண்டு.

ஏன் இப்படி? மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் நடந்த சம்பவங்களைப் பதிந்துவைக்கிறது. பிறந்த முதல் சில ஆண்டுகளில் அங்கே புதிய நரம்பணுக்கள் மளமளவென்று முளைத்துக்கொண்டிருக்கின்றன. டொராண்டோவைச் சேர்ந்த பால் ஃப்ராங்க்லண்ட், ஷீனா ஜோஸ்லின் தம்பதியர் 2014-இல் எலிகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். புது அணுக்கள் வந்து சேரும்போது பழைய இணைப்புகள் குலைந்து, பழைய நினைவுகள் எட்டாமல் போகின்றன. வளர்ந்த எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டுப் புது அணுக்களைப் பெருக்கினால் அவையும் மறந்தன. குட்டிகளில் அந்த உற்பத்தியைக் குறைத்தால் அவை நினைவில் வைத்திருந்தன. பிறகு நடந்த ஆய்வில், குட்டி எலி மறந்துவிட்டதாகத் தோன்றிய நினைவை, அது பதிந்த அணுக்களை ஒளியால் தூண்டி, மறுபடி எழுப்பவும் முடிந்தது. நினைவு அழிந்துபோகவில்லை, அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. மனிதக் குழந்தைகளுக்கும் இதே கதைதானா என்பதை ஒளியைப் பாய்ச்சிப் பார்த்துவிட முடியாது. ஆனால் யேல் பல்கலைக்கழகத்தார் 26 கைக்குழந்தைகளை ஸ்கேன் எடுத்து 2025-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வயது வாக்கிலேயே ஹிப்போகேம்பஸ் பதிவு செய்யத் தொடங்கிவிடுகிறது என்கிறது. பதிவு நடக்கிறது, பின்னால் எடுக்க முடிவதில்லை.

“அப்படியானால் போவது வீண்தானே?” என்று முடித்துவிடலாம்தான். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹேமண்ட்–ஃபிவுஷ் ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு இருக்கிறது. அதைத்தான் பெற்றோர் கவனிக்கவேண்டும் என்பேன். வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றி அடிக்கடி பேசிய குழந்தைகள் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பேசுவதிலும் இரண்டு தினுசு உண்டு.

“டிஸ்னிக்குப் போனோமே, நல்லா இருந்துச்சா?”

“ம்.”

“பறக்கிற யானையில ஏறினோம்ல?”

“ம்.”

இது ஒரு தினுசு. பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது. இன்னொன்று இப்படிப் போகும்:

“யானை மேல போனப்ப நீ என்ன பண்ணினே?”

“கண்ண மூடிக்கிட்டேன்.”

“ஏன்டா கண்ணு?”

“தாத்தா கீழ நின்னாரா… குட்டியா ஆயிட்டாரு.”

“அய்யோ, குட்டித் தாத்தாவா! அப்புறம்?”

இரண்டாவது உரையாடலில் குழந்தை ஓட்டுகிறது, அம்மா பின்னால் உட்கார்ந்து வருகிறார். பாவரின் ஆய்வில், மூன்று வயதில் இப்படிக் குழந்தையின் போக்கில் பேசவிட்ட தாய்மார்களின் பிள்ளைகள் பின்னாளில் கூடுதல் விவரத்தோடு சொன்னார்கள். நியூசிலாந்தில் குடும்பக் கதைகளைச் சொல்லிச் சொல்லி வளர்க்கும் மாவோரி மக்களிடம், நினைவுக்கு எட்டும் முதல் சம்பவம் சராசரியாக இரண்டே முக்கால் வயதுக்குப் போகிறது. அதே நாட்டின் ஐரோப்பிய வம்சாவளியினரைவிட அது ஏறக்குறைய பத்து மாதம் முந்தையது. நினைவுக்கு விதை போடுவது பூங்கா என்றால், தண்ணீர் ஊற்றுவது வீட்டுத் திண்ணை.

பேச்சுக்கு ஒரு ஆபத்தும் உண்டு: நடக்காததையும் நினைவாக்கிவிடலாம். கேத்ரின் பிரான், எலிசபெத் லாஃப்டஸ் முதலியோர் 2002-இல் டிஸ்னி விளம்பரம் மாதிரி ஒன்றைத் தயாரித்துக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். அதில் பக்ஸ் பன்னி முயல் கைகுலுக்குகிறது. பிறகு கேட்டபோது 16 சதவீதம் பேர், சின்ன வயதில் டிஸ்னிலாந்தில் பக்ஸ் பன்னியோடு கைகுலுக்கியது நினைவிருக்கிறது என்றார்கள். பக்ஸ் பன்னி டிஸ்னியின் போட்டிக் கம்பெனியான வார்னர் பிரதர்ஸின் முயல். டிஸ்னி வாசலில் அதற்கு வேலையே இல்லை. உங்கள் ‘முதல் ஞாபகம்’ உண்மையிலேயே உங்களுடையதா, அத்தை சொன்னதா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நினைவை விட்டுவிட்டு அந்த நாளுக்கே வருவோம். குழந்தை அங்கே சந்தோஷமாக இருக்கிறதா?

மிக்கி மவுஸ் வேஷக்காரரைக் கண்டதும் அலறிக்கொண்டு அப்பாவின் தோளில் முகம் புதைக்கும் குழந்தைகளை எந்தப் பூங்காவிலும் பார்க்கலாம். இதற்கும் ஒரு பழைய பரிசோதனை உண்டு. ரீட்டா டெவ்ரீஸ் என்ற ஆய்வாளர் மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகள் தடவிப் பார்க்கும்படி செய்தார். பிறகு அதன் முன்பாதியை ஒரு மறைப்புக்குப் பின்னால் வைத்து, வால் பக்கம் குழந்தைகளுக்குத் தெரிந்துகொண்டே இருக்க, முகத்தில் கடுகடுப்பான நாய் முகமூடியை மாட்டினார். மூன்று வயதுக் குழந்தைகள் பலருக்கு மேனார்ட் நாயாகவே மாறிவிட்டது. ஆறு வயதுக்காரர்கள் ஏமாறவில்லை. இது வெளியானது 1969-இல். மூன்று வயதுக் குழந்தையின் கண்ணால் பாருங்கள்: டிவியில் விரல் உயரம் இருந்த எலி, திடீரென்று தன்னைவிட உயரமாக, இமைக்காத கண்ணோடு, வாய் திறக்காமல் கட்டிப்பிடிக்க வருகிறது. நான் அந்தக் குழந்தையின் கட்சி.

உயரக் கணக்கு அடுத்தது. டிஸ்னி வேர்ல்டின் ஸ்பேஸ் மவுண்டன் ரோலர் கோஸ்டரில் ஏற 44 அங்குலம், அதாவது 112 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இருக்கையின் தடுப்புக் கம்பி பிடித்துக்கொள்வதற்கு உடம்பு ஓர் அளவுக்கு மேல் இருந்தாக வேண்டும் என்பதால் இந்த விதி; தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஐந்து வயதுப் பையனின் சராசரி உயரம் 110 சென்டிமீட்டர். ஐந்து வயதை இப்போதுதான் தொட்டவர்களில் பாதிக்கு மேல் வெளியே நிற்கவேண்டியதுதான்.

வரிசை பற்றி அதிகம் சொல்லவேண்டாம். திருப்பதி போனவர்களுக்குத் தெரியும். கையில் வேலை இருந்தால் காத்திருப்பு குறுகும் என்று டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதினார். டிஸ்னியும் அதைப் புரிந்துகொண்டு டம்போ யானை ராட்டினத்துக்கு வரிசை நிற்கிற இடத்தில் கூடாரம் போட்டு விளையாட்டுத் திடல் அமைத்தது. முறை வந்ததும் பிள்ளைகள் சறுக்கு மரத்தை விட்டு வர மறுப்பதும் நடக்கும். ஒன்றரை நிமிட ராட்டினத்தைவிட அந்தச் சறுக்கு மரமே பெரிது அவர்களுக்கு.

வெயில்தான் உண்மையான எதிரி. ஜூலையில் ஆர்லாண்டோவின் பகல் வெப்பம் 33 டிகிரி செல்சியஸ் வரை போகும். மதியத்துக்கு மேல் இடிமழை. எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோல் பரப்பு அதிகம், வியர்வை குறைவு, சீக்கிரம் சூடேறிவிடும். நிழலுக்கென்று தள்ளுவண்டியைத் துணியால் மூடுகிறோமே, காற்று போகாமல் அது உள்ளே சூட்டைக் கூட்டத்தான் செய்யும்.

அதைவிட முக்கியம் மதியத் தூக்கம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸ்பென்சர் குழு 2013-இல், பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளுக்குக் காலையில் படங்கள் இருக்கும் இடத்தை நினைவில் வைக்கும் ஆட்டம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தது. மதியம் தூங்கியவர்கள் மாலையில் நன்றாக விளையாடினார்கள். தூக்கத்தைத் தவறவிட்டவர்கள் மறந்தார்கள். அன்று இரவு முழுக்கத் தூங்கியும் அந்த இழப்பு சரியாகவில்லை. டிக்கெட் காசு வீணாகக் கூடாதென்று திறப்பிலிருந்து வாணவேடிக்கை வரை குழந்தையை இழுத்துக்கொண்டு திரிகிறோமே, காலையில் பார்த்ததும் அதில் பதியாமல் போகிறது.

வாணவேடிக்கைக்கும் ஒரு வார்த்தை. 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஹாலோவீன் இரவில் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வந்த பிள்ளைகளில் சிலருக்குப் பெரிய சாக்லெட் ஒன்று கொடுத்தார்கள். வேறு சிலருக்கு அதே சாக்லெட், கூடவே ஒரு சாதா சூயிங்கம். இரண்டு கிடைத்தவர்கள்தான் குறைவாக மகிழ்ந்தார்கள். கடைசியில் வருவது மொத்தத்தையும் இழுத்துவிடும். இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டு வீறிடும் குழந்தைக்கு அந்தக் கடைசி சூயிங்கம் தேவைதானா?

பெரியவர்கள் பக்கத்தையும் பார்த்துவிடலாம். நெதர்லாந்தின் யெரூன் நாவெய்ன் 1,530 பேரை ஆராய்ந்து 2010-இல் சொன்னது: விடுமுறைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்னால்தான் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். திரும்பிய பின் ‘மிகவும் ஓய்வாக இருந்தது’ என்றவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் வீட்டிலிருந்தவர்களுக்கும் வித்தியாசமில்லை. அந்தக் காத்திருக்கும் சுகம்கூட மூன்று வயதுக்குக் கிடைப்பதில்லை. ‘அடுத்த மாசம்’ என்றால் அதற்குக் காலையில் எழுந்ததும் என்றுதான் அர்த்தம்.

ஆகவே இந்தப் பயணத்தின் கணக்கை யார் பெயரில் எழுதுகிறோம் என்பதைப் பெற்றோர் தங்களுக்குள் ஒப்புக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சின்ன வயதில் தமக்குக் கிடைக்காததைப் பார்க்க ஆசைப்படுகிறார்களா, தாராளமாகப் போகட்டும். ஒருவர் குழந்தையோடு நிற்க மற்றவர் ஏறி, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் மாற்றிக்கொள்ள ரைடர் ஸ்விட்ச் என்று அங்கே ஒரு ஏற்பாடே இருக்கிறது. காலையில் நாலைந்து மணி நேரம், மதியம் ஓட்டலுக்குத் திரும்பித் தூக்கம், சாயங்காலம் நீச்சல் குளம். குழந்தைக்குக் குளமே போதும்.

குழந்தைக்காகத்தான் என்றால் ஆறேழு வயது வரை பொறுக்கலாம். பெரும்பாலோர் 112 சென்டிமீட்டரைத் தாண்டியிருப்பார்கள், மிக்கிக்குள் ஒரு ஆள் வியர்த்துக்கொண்டு நிற்பது தெரியும், மதியத் தூக்கம் நின்றிருக்கும், பார்த்ததில் பெரும்பகுதி நிலைக்கும். ஒரே தொல்லை வாந்தி. இரண்டு வயதுக்குள் அநேகமாக இல்லாத சுழல் மயக்கம் ஏழு முதல் பன்னிரண்டு வயதில்தான் உச்சத்தில் இருக்கும். பையில் இரண்டு பிளாஸ்டிக் கவரும் ஒரு மாற்றுச் சட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.