போல்ட் பொருந்தினால் போதுமா?

மஞ்சள் நிறம், துணி போர்த்திய இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டே இருக்கை. தனியாக ஓட்டுபவர் பின்னால்தான் உட்கார வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லாக் ஹேவன் என்ற சிற்றூரில் பைப்பர் நிறுவனம் 1938 முதல் 1947 வரை தயாரித்த ஜே-3 கப் விமானம் இது. ஏறக்குறைய 20,000 வெளிவந்தன. இன்றும் பறப்பவை நிறைய.

அப்படி ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க இறங்குபவர், இதில் மாட்டியிருக்கும் கார்புரேட்டர் இதற்கு உரியதுதானா என்ற சந்தேகத்தில் ஒருநாள் வந்து நிற்பார். எண்பது ஆண்டுகளில் பல கை மாறிய எஞ்சின். நடுவே யாரோ ஒரு மெக்கானிக் அலமாரியில் கிடந்ததை எடுத்து மாட்டியிருக்கலாம். போல்ட் பொருந்தியது, எஞ்சினும் ஓடியது. அவருக்கு அது போதுமாக இருந்திருக்கும்.

விமானத்தின் பெயரை வைத்து விடை சொல்ல முடியாது. ஒரே ஜே-3 கான்டினென்டல், பிராங்க்ளின், லைகமிங் என்று வெவ்வேறு நிறுவனங்களின் எஞ்சின்களோடு விற்கப்பட்டது. ஆகவே முதலில் எஞ்சினின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படிக்க வேண்டும். அதிகம் கண்ணில் படுவது கான்டினென்டல் ஏ-65: 171 கன அங்குலம், நிமிடத்துக்கு 2300 சுற்றில் 65 குதிரைத்திறன். பின்னால் வந்த சி-85 எஞ்சினோ 188 கன அங்குலம், 85 குதிரைத்திறன். இரண்டிலுமே ஸ்ட்ரோம்பெர்க் நிறுவனத்தின் என்.ஏ.-எஸ்3ஏ1 கார்புரேட்டரைப் பார்க்கலாம். வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சிக்கலே அங்குதான்.

அந்தப் பெயரில் கொஞ்சம் விவரம் ஒளிந்திருக்கிறது. ‘என்.ஏ.’ என்றால் ஸ்ட்ரோம்பெர்க்கின் மிதவை வகை விமானக் கார்புரேட்டர். ‘எஸ்’ என்றால் ஒற்றைக் குழல். ‘3’ குழலின் அளவு: 1 என்பது ஓர் அங்குலம், அதற்குமேல் ஒவ்வோர் எண்ணுக்கும் கால் அங்குலம் கூட்டினால் 3 என்பது 1½ அங்குலம். உண்மையான துளை அதைவிட 3/16 அங்குலம் பெரிது. ஏன் இப்படிச் சுற்றி வளைத்தார்களோ! கடைசி எழுத்தும் எண்ணும் மாடலைச் சொல்கின்றன. எந்த எஞ்சினுக்கு என்பது மட்டும் அதில் இல்லை.

அதைச் சொல்வது உள்ளே இருக்கும் வென்ச்சுரியும் ஜெட்டும். 2020இல் பி.எஸ்.6 விதி வரும்வரை நம்மூர் பைக்குகளில் பரவலாக இருந்த அதே சங்கதிதான். காற்று வென்ச்சுரி என்ற ஒடுங்கிய கழுத்து வழியாக வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் பெட்ரோல் ஜெட் என்ற சிறு துளை வழியே மேலேறி வரும். பெரிய எஞ்சினுக்கு அகலமான கழுத்து வேண்டும், அதற்கேற்ற ஜெட்டும் வேண்டும். தப்பான ஜெட்டால் பெட்ரோல் குறைந்தால் சூடேறி வால்வு கருகும். அதுவும் முழு வேகத்தில் ஓடுதளத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தில்! அதிகமானால் பிளக்கில் கரி படியும்.

ஆகவே பிரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. வென்ச்சுரியின் குறுகிய இடத்தை அளக்க வேண்டும். ஜெட்டின் துளை டிரில் பிட் எண்ணில் குறிக்கப்படுவது. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். தலைகீழாக நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. பொறித்திருக்கும் எண்ணை நம்பிவிடாமல் அந்த அளவு டிரில் பிட்டின் தண்டைச் செருகிப் பார்ப்பது நல்லது. எஞ்சின் சூடாகிறதென்று எப்போதோ ஒருவர் துளையைப் பெரிதாக்கிவிட்டு, எண்ணை அப்படியே விட்டிருக்கக்கூடும்.

இதே கான்டினென்டல் குடும்பத்து எஞ்சின்களில் மார்வெல்-ஷெப்லர் எம்.ஏ.-3 வகையும் வரும். அதன் வார்ப்பில் ஒரு பெயர், தகட்டில் ஃபேசெட் அல்லது பிரிசிஷன் என்று வேறு பெயர் இருந்தால் போலியென்று பயப்பட வேண்டாம். நிறுவனம் கை மாறிய கதை அது. தகட்டிலுள்ள பாக எண்தான் முக்கியம். குணத்திலும் இரண்டும் வேறு. ஸ்ட்ரோம்பெர்க்கில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் கிடையாது. த்ராட்டிலைச் சடாரென்று தள்ளினால் எஞ்சின் ஒரு கணம் திணறும். மார்வெலின் எம்.ஏ.-3எஸ்.பி.ஏ. மாடலில் பம்ப் உண்டு. ஆனால் ஓடாத எஞ்சினில் த்ராட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தால், பீய்ச்சிய பெட்ரோல் கீழே காற்றுப் பெட்டியில் வடிந்து தீப்பிடிக்க இடமுண்டு.

உலோகம் சரியாக இருந்தாலும் காகிதமும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒவ்வொரு எஞ்சினுக்கும் தரவுத்தாள் வைத்திருக்கிறது. ஏ-65க்கு இ-205, சி-85க்கு இ-233. எஞ்சினுக்கு அனுமதி பெறாத கார்புரேட்டரை மாட்ட வேண்டுமானால் துணைச் சான்றிதழோ அதற்கு ஈடான தனி ஒப்புதலோ தேவை, பதிவேட்டிலும் ஏற வேண்டும். இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல: பெங்களூரில் எச்.ஏ.எல். கட்டி, 1958இல் முதன்முதலாகப் பறந்து, நம் நாட்டுப் பறக்கும் கழகங்களுக்குப் போன புஷ்பக் விமானத்தின் கான்டினென்டல் சி-90 எஞ்சினும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

எல்லாம் சரிபார்த்து மாட்டிய பிறகும் ஸ்ட்ரோம்பெர்க் ஒரு வேலை வைக்கும். அதன் மிதவை அறையில் பெட்ரோலை நிறுத்தும் ஊசி பழைய எஃகு வகையாக இருந்தால் மெல்லச் சொட்டும். பின்னாளில் நியோப்ரீன், டெல்ரின் முனைகள் வந்தன. எது இருந்தாலும், இறங்கியதும் டேங்க் வால்வை மூடிவிட்டுத்தான் கப் ஓட்டிகள் வீட்டுக்குக் கிளம்புவார்கள்.