வெள்ளவத்தை – கல்கிசைத் தேர்தற்றொகுதி

தேர்தற்றொகுதி இயற்கை வகுத்த நிலப்பிரிவன்று; ஆணைக்குழுவொன்று வரைந்த கோடு. கோடு மாறின் தொகுதியும் மறையும். கொழும்பின் தென்புறத்தே, வெள்ளவத்தை தொடக்கம் கல்கிசை வரையுள்ள கரையோரத்தைத் தன்னகத்தே கொண்டிருந்த தொகுதி அவ்வாறு மறைந்ததொன்றாகும். பதின்மூன்று ஆண்டுகளே நிலவியதாயினும், இலங்கை அரசியலின் பெரும் வினாக்கள் இரண்டனோடு அதன் பெயர் பிணைந்துள்ளது.

1946 ஆம் ஆண்டின் தொகுதி நிருணய ஆணைக்குழு நாட்டை 89 தொகுதிகளாக வகுத்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் 75,000 மக்களுக்கு ஓர் அங்கத்தவரும், ஆயிரஞ் சதுர மைலுக்கு மேலுமோர் அங்கத்தவரும் என்பது விதி. அங்ஙனம் பிறந்த வெள்ளவத்தை – கல்கிசைத் தொகுதி 1947 இல் போல்ஷ்விக் லெனினிசக் கட்சியினரான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவைத் தெரிவு செய்தது.

அவர் அப்பகுதிக்குப் புதியவரல்லர். 1933 இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர்தம் சங்கத்தின் தலைவராயிருந்தவர் அவரே. அத்தொழிலாளருட் பெரும்பாலார் இந்தியாவினின்றும் வந்தோர். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், வாக்குரிமையைப் பிரசைகளுக்கே உரித்தாக்கிய 1949 ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் இத்தகையோரைப் பெரிதும் தாக்கின. மலைநாட்டுத் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் தலைநகரின் ஆலைகளையும் துறைமுகத்தையும் மறந்துவிடுதல் வழக்கம்; சட்டம் மறக்கவில்லை. பிரசாவுரிமை மசோதாவைச் சபையில் எதிர்த்தோருள் இடதுசாரிகளும் அடங்குவர்.

1952 இல் தொகுதி ஐக்கிய தேசியக் கட்சி வசமாயிற்று. 1956 இல் கொல்வின் சமசமாசக் கட்சி வேட்பாளராய் மீண்டும் வென்றார். பண்டாரநாயக்காவின் மக்கள் ஐக்கிய முன்னணியோடு அக்கட்சி போட்டித் தவிர்ப்பு உடன்படிக்கை செய்திருந்த தேர்தல் அது. ஆயினும், அவ்வாண்டு யூன் மாதத்திற் சிங்களம் மட்டும் மசோதா விவாதத்துக்கு வந்தபோது அக்கட்சி அதனை வன்மையாக எதிர்த்தது. மொழி இரண்டாயின் நாடு ஒன்றாயிருக்கும், மொழி ஒன்றாயின் நாடு இரண்டாகும் என்னும் கருத்துப்பட இத்தொகுதியின் பிரதிநிதி அன்று ஆற்றிய உரை இன்றளவும் எடுத்தாளப்படுகின்றது. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அயலயலே வாழும் வீதிகளின் பிரதிநிதியாய் அவர் நின்று பேசினார் என்பதை எடுத்தாள்வோர் அரிதாகவே நினைவுகூர்கின்றனர்.

1959 ஆம் ஆண்டின் மறுசீரமைப்பில் தொகுதிகள் 145 ஆக உயர்ந்தன. பிரசாவுரிமையற்றோரும் குடித்தொகைக் கணக்கிற் சேர்க்கப்பட்டனர், வாக்கோ அவர்க்கில்லை. ஆதலின் தோட்டப்புறங்களை அடுத்த கிராமத்து வாக்காளரின் நிறை மிகுந்தது. இவ்வநீதி தொகுதிப் படத்திலேயே பதிந்து கிடந்தது. அவ்வரைபில் எமது தொகுதியின் பெயர் நீங்கிற்று. 1960 மார்ச்சுத் தேர்தல் முதலாகத் தெகிவளை – கல்கிசை என்னும் பெயர் வழங்கலாயிற்று.

கொல்வினோ 1970 இல் அரசியலமைப்பு விவகார அமைச்சரானார். அவர் முன்னின்று உருவாக்கிய 1972 ஆம் ஆண்டு யாப்பிற் சிங்களமே அரசகரும மொழியென நிலைபெற்றது. சிறுபான்மையோர்க்குக் காப்பாயிருந்த சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு இடம்பெறவில்லை. கூட்டரசாங்கத்தின் நெருக்கடி என்று இதற்கு அமைதி கூறுவாருளர். 1956 இல் அவர் கூறியதை அறிந்தார்க்கு அவ்வமைதி போதாது.

1978 ஆம் ஆண்டின் யாப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைப் புகுத்தியது. 1989 இல் அம்முறைப்படி முதற் பொதுத்தேர்தல் நிகழ்ந்தபோது கொழும்பு மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமாயிற்று. தெகிவளை அதனுள் ஒரு வாக்களிப்புப் பிரிவின் பெயராய் எஞ்சியது, வெள்ளவத்தைக்கு அதுவுமில்லை.