காலை 7.22 மணிப் பாடம்

வேளாண் பட்டப்படிப்பில் வானிலையியல் வகுப்பறையில்தான் தொடங்குகிறது. ஆனால் அது மாணவரின் தூக்கத்தைக் கலைப்பது கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வானிலை நிலையம் போன்ற இடங்களில், காலை 7.22 மணிக்கு. வேளாண் வானிலை அளவீடுகள், அந்தந்த ஊரின் சூரியனை ஒட்டிக் கணக்கிடப்படும் உள்ளூர்ச் சராசரி நேரப்படி காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் எடுக்கப்படுகின்றன. இந்தியத் திட்ட நேரமோ 82.5 பாகைத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. பாகைக்கு 4 நிமிடம் வீதம், 77 பாகையை ஒட்டியுள்ள கோவையில் அந்த ஏழு மணி கடிகாரத்தில் 7.22 ஆகிவிடுகிறது. கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் அது ஏறத்தாழ ஏழேகால்.

வெப்பமானிகளை வெயிலும் மழையும் நேரடியாகத் தாக்காமல், காற்று மட்டும் புகுந்து வரும்படி சாய்ந்த சட்டங்களால் அமைத்த வெள்ளை மரப்பெட்டிக்கு ஸ்டீவன்சன் கூண்டு என்று பெயர். நம் நாட்டில் அதன் கதவு வடக்கு நோக்கித் திறக்கும். கதவைத் திறந்ததும் மாணவர் முதலில் தசமத்தையும் பிறகே முழுப் பாகையையும் படிக்க வேண்டும். அருகில் நிற்பவரின் மூச்சும் உடற்சூடும் பாதரசத்தை ஏற்றிவிடும் என்பதால், விரைவில் மாறக்கூடிய தசமத்துக்கே முதலிடம். தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிடக்கூடிய விதிதான். கைக்கு வரப் பல காலைகள் ஆகும்.

இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்கும் மாணவர்களுக்கு, வடக்கனந்தல் போன்ற அடிவார ஊர் கல்லூரி வளாகம் காட்டாத ஒன்றைக் காட்டும். உயரம் 1 கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்ற பாடநூல் வரியை, அடிவாரத்தில் வியர்த்து நின்றுவிட்டு மலைமேலுள்ள வெள்ளிமலைக்குப் பேருந்தேறுபவர் உடம்பாலேயே உணர்ந்துவிடுவார். மழைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. 200 சதுர சென்டிமீட்டர் வாயுள்ள மழைமானியில் 20 மில்லிலிட்டர் நீர் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர் மழை. ஆனால் அடிவாரத்து மானி வறண்டிருக்கும் நாளிலும், மலைமேல் பெய்த மழை கல்படை, பரிகம் ஆறுகள் வழியே அடிவாரத்திலுள்ள கோமுகி அணைக்கு வந்து சேரக்கூடும். பதிவேட்டில் எழுதப்படும் 0.0 பொய்யன்று, அது அந்த ஓரிடத்துக்கு மட்டுமே உரிய உண்மை.

ஆகவே இப்பகுதிக்கு மாணவரை அனுப்பும் கல்லூரிகள் வெள்ளிமலையில் ஒன்றும் வடக்கனந்தலில் ஒன்றுமாக இரு மழைமானிகளை வைத்து, இரண்டையும் மழை அளப்பதற்கு வழக்கமான நேரமான காலை 8.30 மணிக்கே அளக்கச் செய்ய வேண்டும்.