டர்ஹாம் நகர நடுவில் ஒரு பேஸ்பால் மைதானம்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள டர்ஹாம் பெரிய நகரமல்ல. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 2.83 லட்சம். நகர மையத்தை ஒட்டி, அலுவலகக் கட்டடங்களுக்கும் நெடுஞ்சாலைக்கும் இடையே, பத்தாயிரம் பேர் உட்காரக்கூடிய ஒரு பேஸ்பால் ஸ்டேடியம் இருக்கிறது. டர்ஹாம் புல்ஸ் என்ற மைனர் லீக் அணியின் சொந்த மைதானம் அது. ஸ்டேடியம் கட்டினால் களையிழந்த நகர மையம் உயிர் பெறும் என்று வாதிடுபவர்கள் டர்ஹாமைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அந்த வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது பாதிக் கதைதான்.

முதலில் மைனர் லீக் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்க பேஸ்பாலின் உச்சியில் மேஜர் லீக் இருக்கிறது. அதில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு படிகளில் நான்கு அணிகள் என, 2021 முதல் மொத்தம் 120 மைனர் லீக் அணிகள். மேல்படிக்கு டிரிபிள் ஏ என்று பெயர். புல்ஸ் 1998 முதல் அந்தப் படியில் ஆடுகிறது. அதன் தாய் அணி டம்பா பே ரேஸ்.

வீரர்களைத் தேர்ந்தெடுப்பதும், பயிற்சியாளர்களை அமர்த்துவதும், சம்பளம் கொடுப்பதும் தாய் அணியின் பொறுப்பு. உள்ளூர் முதலாளிக்கு அதில் எந்த உரிமையும் இல்லை. நேற்று இரவு அருமையாக ஆடியவரை இன்று காலை மேஜர் லீகுக்கு அழைத்துக்கொள்வார்கள். அவர் போய்விட்டால் போனதுதான். எவான் லோங்கோரியா, டேவிட் பிரைஸ் போன்றவர்கள் டர்ஹாமில் ஆடிவிட்டு அப்படி மேலே போனவர்கள். உள்ளூர் நிர்வாகத்தின் கையில் இருப்பது டிக்கெட், தின்பண்டம், விளம்பரப் பலகை, தொப்பி, டி-ஷர்ட் விற்பனை. நட்சத்திர வீரர்களை நம்பி வியாபாரம் செய்ய முடியாது என்பதால், அவர்கள் விற்பது ஒரு நல்ல மாலைப் பொழுதைத்தான். குடும்பத்தோடு வந்து, குறைந்த செலவில் மூன்று மணி நேரம் காற்றாட உட்கார்ந்துவிட்டுப் போகலாம். அப்படியொரு தொழிலில், மைதானம் எங்கே இருக்கிறது என்பது யார் ஆடுகிறார்கள் என்பதைவிட முக்கியமாகிவிடுகிறது.

டர்ஹாம் புகையிலையால் வளர்ந்த ஊர். அணியின் பெயரும் சின்னமான காளையும் 'புல் டர்ஹாம்' என்ற பழைய புகையிலைப் பொட்டலத்தை நினைவூட்டுபவை. 1902இல் இந்த அணி தொடங்கியபோது அதன் பெயரே புகையிலைக்காரர்கள் என்றுதான் இருந்தது. 1987இல் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் தன் ஆலையை மூடியது. நகர மையத்தின் ஓரத்தில் பத்து லட்சம் சதுர அடிக்குச் செங்கல் கட்டடங்கள் வெறுமையாகக் கிடந்தன.

மறு ஆண்டு, 1988இல், 'புல் டர்ஹாம்' என்ற படம் வெளிவந்தது. கெவின் காஸ்ட்னரும் சூசன் சரண்டனும் நடித்தது. இயக்குநர் ரான் ஷெல்டன் தாமே மைனர் லீகில் ஆடியவர். டர்ஹாமின் பழைய மைதானத்திலேயே படமாக்கினார்கள். படம் ஓடியதும் அந்தச் சிறிய மைதானத்துக்குக் கூட்டம் பெருகியது, இடம் போதவில்லை. புது ஸ்டேடியத்துக்குக் கடன் திரட்டலாமா என்று 1990இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு அணியை வாங்கிய ஜிம் குட்மன், டர்ஹாமுக்கு வெளியே ஓரிடத்துக்கு அதைக் கொண்டுபோக விரும்பினார். அணி கைநழுவிவிடும் என்று அஞ்சிய நகர மன்றம், வாக்கெடுப்பு தேவைப்படாத வேறொரு கடன் முறையில் பணம் திரட்டி ஸ்டேடியத்தைக் கட்டியது. 1995இல் அது திறக்கப்பட்டது. இன்றும் அதன் உரிமையாளர் நகராட்சிதான். நல்லது நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும்போதும், மக்கள் மறுத்ததைச் சுற்றிவளைத்துச் செய்தார்கள் என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

கட்டடம் அழகானது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பால்டிமோரில் கேம்டன் யார்ட்ஸ் மைதானத்தை வடிவமைத்துப் புகழ்பெற்ற எச்.ஓ.கே. ஸ்போர்ட் நிறுவனத்தின் வேலை. சுற்றியுள்ள புகையிலைக் கிடங்குகளோடு ஒத்துப்போகும்படி செங்கல்லால் கட்டினார்கள். பந்தடிப்பவருக்கு இடப்பக்க எல்லை 305 அடி தூரத்தில் இருக்கிறது. நடு எல்லையோ 400 அடி. அவ்வளவு அருகில் இருக்கும் இடப்பக்கத்தில் 32 அடி உயர நீலச் சுவர் நிற்கிறது. 'நீல அசுரன்' என்பது அதன் செல்லப் பெயர். பாஸ்டன் மைதானத்தின் புகழ்பெற்ற பச்சைச் சுவரைப் பார்த்துச் செய்தது. வேறு மைதானத்தில் எல்லை தாண்டியிருக்கக்கூடிய பந்து இங்கே சுவரில் மோதித் திரும்பும். அந்தச் சுவரிலேயே, ஆள் நின்று எண்களை மாற்றும் பழைய பாணி ஸ்கோர் பலகையும் உண்டு. அருகே பெரிய காளைப் பலகை. உள்ளூர் வீரர் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் எடுத்தால் அதன் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும். காளைமேல் பந்தை அடித்தால் ஸ்டேக் விருந்து, அதன் காலடிப் புல்லில் அடித்தால் சாலட் என்று பலகையில் எழுதியிருக்கும். படத்துக்காகச் செய்த வேடிக்கை அது. ஊர் அதைத் தனதாக்கிக்கொண்டது.

ஸ்டேடியம் 1995இல் வந்தது. பக்கத்திலேயே மூடிக் கிடந்த புகையிலை ஆலை வளாகம் எப்போது மீண்டும் திறந்தது? 2004இல். ஒன்பது ஆண்டுகள் கூட்டம் வந்தது, ஆட்டம் பார்த்தது, காரில் ஏறி வீட்டுக்குப் போனது. நகர மையம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. இதில் வியப்பில்லை. டிரிபிள் ஏ அணி ஓராண்டில் 150 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் பாதிதான் சொந்த மைதானத்தில். பல்கலைக்கழக ஆட்டங்கள் போன்றவற்றையும் சேர்த்தாலும், ஆண்டின் பெரும்பகுதி அந்த இடம் பூட்டியே கிடக்கும். எழுபத்தைந்து மாலைகளை நம்பி யாரும் உணவகம் நடத்த முடியாது. விளையாட்டுப் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர்கள் நெடுங்காலமாகச் சொல்வதும் இதையொட்டித்தான்: மைதானத்தில் ஒரு குடும்பம் செலவழிக்கும் பணம் பெரும்பாலும் புதிதாக வந்த பணமல்ல; அது இல்லாவிட்டால் அதே வட்டாரத்தில் சினிமாவுக்கோ சாப்பாட்டுக்கோ போயிருக்கும்.

மாற்றத்தைக் கொண்டுவந்தது அந்த ஆலையின் சீரமைப்பு. அணியை வைத்திருக்கும், குட்மனின் கேப்பிடல் பிராட்காஸ்டிங் நிறுவனமே ஆலையையும் வாங்கியது. பழைய கட்டடங்களைப் பாதுகாப்பவர்களுக்கு அரசு தரும் வரிச் சலுகை கிடைத்தது. கார் நிறுத்தும் அடுக்குக் கட்டடங்களுக்கு நகரமும் மாவட்டமும் பணம் கொடுத்தன. டியூக் பல்கலைக்கழகம் உள்ளிட்ட பெரிய குத்தகைதாரர்கள் முன்கூட்டியே கையெழுத்திட்டார்கள். அதன் பிறகுதான் ஆண்டு முழுக்க, பகலிலும் ஆள் நடமாட்டம் வந்தது. 2008இல் அருகிலேயே பெரிய நாடக அரங்கம் திறந்தது. ஸ்டேடியம் ஒரு முதலாளியை அந்தத் தெருவில் கட்டிப்போட்டது. மீதியைச் செய்தவை வாடகை ஒப்பந்தமும் வரிச் சலுகையும் பொதுப் பணமும். இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளாமல் மைதானத்தை மட்டும் கட்டும் நகரம் டர்ஹாமின் முதல் ஒன்பது ஆண்டுகளைத்தான் எதிர்பார்க்க வேண்டும்.

நகர மையம் ஏன் வெறுமையானது என்பதையும் விட்டுவிடக் கூடாது. ஆலை மூடல் மட்டும் காரணமல்ல. ஸ்டேடியத்தை ஒட்டிப் போகும் டர்ஹாம் நெடுஞ்சாலைக்காகவும், 1960களில் தொடங்கிய நகரச் சீரமைப்புத் திட்டத்துக்காகவும் ஹேட்டி என்ற கருப்பின மக்களின் பகுதியில் வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன. புது வளம் வந்த இடத்திலிருந்து அந்தப் பகுதி எட்டிப் பார்க்கும் தூரம்தான். இழந்ததற்கு ஈடாக அங்கே எதுவும் எழவில்லை.

இப்போது செலவு வேறு வடிவில் வருகிறது. 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் கீழ்மட்ட அமைப்பைத் தன் கையில் எடுத்து, சுமார் 160 அணிகளை 120ஆகக் குறைத்தது. ஒளிவிளக்கு, உடைமாற்றும் அறை, பெண் ஊழியர்களுக்கான தனி அறை என்று புதிய தர விதிகளை விதித்தது. விதிகள் பெரும்பாலும் நியாயமானவை. வீரர்கள் நெடுங்காலம் மோசமாக நடத்தப்பட்டார்கள். 2023இல் வீரர் சங்கம் வழியாக முதல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் டிரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலரிலிருந்து 35,800 டாலராக உயர்ந்தது. சம்பளத்தைத் தாய் அணி கொடுக்கிறது. ஆனால் அறைகளையும் விளக்குகளையும் மாற்றும் செலவு, பல ஊர்களில் மைதானத்தின் உரிமையாளரான நகராட்சியின் தலையில் விழுகிறது. மறுத்தால் அணி வேறு ஊருக்குப் போய்விடும் என்ற அச்சம் 1991இல் டர்ஹாமை எப்படி நெருக்கியதோ அப்படியே இன்று மற்ற நகர மன்றங்களையும் நெருக்குகிறது. அணி எத்தனை ஆண்டுகள் இருக்கும், பழுதுக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பவை குத்தகைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பத்திரம் பொது ஆவணம். வரி கட்டும் எவரும் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.