ஃப்ளோரைடு பட்டால் சிவப்பு ஏன் மஞ்சளாகிறது?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகவும் பெரியவர்களுக்கு மூட்டு வலியாகவும் பிற்பாடுதான் தெரியவரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

சிர்கோனியம் என்ற உலோகத்தின் அயனியும் அலிசரின் சாயமும் பிணைந்த அமிலக் கரைசலை நீர் மாதிரியில் சேர்த்துச் சற்றுக் காத்திருக்க வேண்டும். ஃப்ளோரைடு இல்லையென்றால் சிவப்பு அப்படியே இருக்கும். கூடக்கூட மஞ்சளை நோக்கி நகரும். நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும்.

ஏன் நிறம் மாறுகிறது?

சிர்கோனியத்துக்குச் சாயத்தைவிட ஃப்ளோரைடின் மேல் பிடிப்பு அதிகம். அது சாயத்தை விட்டுவிட்டு ஃப்ளோரைடோடு சேர்ந்து நிறமற்ற சேர்மமாகிறது. தனித்துவிடப்பட்ட சாயம் உறிஞ்சும் ஒளி வேறு, அதனால் மஞ்சள்.

நிறம் மாறுவதற்குப் பதிலாக ஒளிர்ந்து அயனியைக் காட்டும் உணரிகள் எப்படி வேலை செய்கின்றன?

அவற்றின் மூலக்கூறில் ஒரு பகுதி ஒளிரும், இன்னொன்று அயனியைப் பிடிக்கும். பிடிக்கும் பகுதி காலியாக இருந்தால், அதிலிருந்து தாவும் எலக்ட்ரான் ஒளியை அணைத்துவிடும். அயனி வந்து அமர்ந்ததும் தாவல் நிற்கும், மூலக்கூறு ஒளிரும். இலங்கையில் பிறந்த வேதியியலாளர் பிரசன்ன டி சில்வா வளர்த்தெடுத்த இந்த உத்தி, இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளக்கவும் பயன்படுகிறது.

ஃப்ளோரைடு சோதனையில் எதில் கவனம் வேண்டும்?

படிகாரம் போட்டுத் தெளியவைத்த நீரைச் சோதிக்காதீர்கள். அதிலுள்ள அலுமினியம் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். கொதிக்கவைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கும் கிணற்றைச் சோதித்துப் பார்ப்பதே முதல் பாதுகாப்பு.