மூடியைப் பிடிக்கும் தட்டு, மூடியை விடும் தட்டு

லிட்டில் இந்தியாவில் நகைக்கடை ஒன்றில் மோதிரம் பார்க்கக் கேட்டால், கடைக்காரர் வெல்வெட் தட்டு ஒன்றை எடுத்து முன்னால் வைப்பார். தட்டு சற்றுச் சாய்ந்தாலும் மோதிரம் உருண்டு ஓடாது. விரலால் மெல்ல இழுத்தால் உடனே கையோடு வந்துவிடும். ஊசி மருந்துக் குப்பிகளின் மூடிக்கும் இதே வேலையைச் செய்யும் தட்டு ஒன்று இருக்கிறது. ஆனால் அங்கே விரலுக்கு இடமில்லை. மனிதக் கை உள்ளே போகக்கூடாது என்பதற்காகவே அந்தத் தட்டைச் செய்கிறார்கள்.

2021-இல் தடுப்பூசி போடப் போனவர்களுக்கு நினைவிருக்கலாம். தாதி ஊசியை எடுக்குமுன் குப்பியின் தலையில் இருந்த பிளாஸ்டிக் வட்டைக் கட்டைவிரலால் தட்டிவிடுவார். அந்த வட்டுக்குக் கீழே அலுமினிய வளையம், அதற்கும் கீழே ரப்பர் அடைப்பான். அடைப்பான் குப்பியின் வாயை மூடும். அலுமினியம் அதைக் கழுத்தோடு இறுக்கிப் பிடிக்கும். அலுமினியம் இறுகி முடியும்வரை குப்பி முழுமையாக மூடப்பட்டதாகாது என்கிறது, 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய மருந்து உற்பத்தி விதி. இறுக்கும் இயந்திரத்தில் ஏராளமான துகள்கள் கிளம்பும் என்றும் எச்சரிக்கிறது.

வழக்கமான முறையில் மூடிகளை அதிரும் கிண்ணம் ஒன்றில் கொட்டுவார்கள். அவை குலுங்கிக் குலுங்கி வரிசைக்கு வரும். போகிற வழியெல்லாம் ஒன்றோடொன்று உரசும். ஒன்று சிக்கிக்கொண்டால் யாராவது கையுறைக் கையை விட்டு எடுத்துவிட வேண்டும். கிருமியைச் சுமந்து வருவதில் மனிதனை மிஞ்ச ஆளில்லை!

இது வெறும் சுத்தப் பைத்தியம் அல்ல. 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் நகரில் டிப்தீரியா தடுப்பு மருந்து போட்டுக்கொண்ட 21 பிள்ளைகளில் 12 பேர் இறந்தார்கள். பலமுறை ஊசி குத்தி எடுக்கும் அந்த ரப்பர் மூடிக் குப்பிக்குள் கிருமி புகுந்து பெருகியிருந்தது. கிருமியைத் தடுக்கும் பொருள் மருந்தில் சேர்க்கப்படவில்லை. குற்றம் மூடியுடையது அல்லதான். ஆனால் உள்ளே புகுந்தது என்ன செய்யும் என்பதை அந்த ஊர் பார்த்துவிட்டது.

ஜப்பானின் டைக்கியோ நிறுவனம் அலுமினியமே இல்லாத மூடியைச் செய்கிறது. ரப்பர் அடைப்பானும் பிளாஸ்டிக் மூடியும் ஒன்றாக இருக்கும். மேலிருந்து ஒரே அழுத்து, குப்பியின் கழுத்தில் மாட்டிக்கொள்ளும். கனடாவின் வான்ரெக்ஸ், கையுறைத் துளையே இல்லாத பெட்டிக்குள் ரோபோவே குப்பியை நிரப்பி மூடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. குப்பிகள் ஒரு தட்டில், மூடிகள் இன்னொரு தட்டில், இரண்டும் நேருக்கு நேர். தட்டு பிழை செய்தால் உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய வழியே கிடையாது.

தட்டின் வடிவமைப்பாளருக்குத் தலைவலி இங்கேதான் ஆரம்பம். ஒவ்வொரு குழியிலும் மூடியைத் தாங்க மெல்லிய பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். லாரியில் குலுங்கினாலும் விமானத்தில் ஏறி இறங்கினாலும் மூடி நழுவக்கூடாது. அப்படியென்றால் இறுக்கமாகப் பிடிக்கட்டுமே என்று தோன்றும். அதில் இரண்டு வம்பு இருக்கிறது. பாலிபுரோப்பிலீன் போன்ற பிளாஸ்டிக் தட்டை 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கினால், விறைப்பாக வளைந்து நிற்கும் நாக்கு அந்தச் சூட்டில் தளர்ந்துபோகும். காலையில் இறுக்கமாக இருந்த பிடி மாலையில் இருக்காது. அதனால் மூடி சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாக்கு வளையாமல், அழுத்தும் கணத்தில் மட்டும் வளைந்து வழிவிடும்படி செய்வது நல்லது.

இரண்டாவது வம்பு, தட்டைத் தூக்கும்போது வரும். குப்பியின் கழுத்தைவிடத் தட்டு மூடியைப் பலமாகப் பிடித்திருந்தால், தட்டோடு மூடியும் மேலே வந்துவிடும். சில சமயம் குப்பியே தொங்கிக்கொண்டு வரும். கழுத்து மூடியைப் பிடித்த பிறகே தட்டு விடவேண்டும். முன்னதாக விட்டால் மூடி சாய்ந்து உட்காரும். மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்குகிற மாதிரிதான்.

ஒரு மூடிக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். 48 மூடிகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் 48 கிலோ. தட்டு நடுவில் தொய்ந்துவிடும். ஒவ்வொன்றாக அழுத்தினால் தொய்வு இல்லை, நேரம்தான் கூடும். அச்சில் வார்த்த பாலிபுரோப்பிலீன் ஆறும்போது நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டரை பங்குவரை சுருங்கும். ஒன்றரை பங்கு என்றாலே 200 மில்லிமீட்டர் தட்டில் 3 மில்லிமீட்டர் போய்விடும். இதைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்டவேண்டும். ஓரம் ஒரு மாதிரியும் நடு ஒரு மாதிரியும் சுருங்கினால் தட்டு கோணிக்கொள்ளும், மூலைக் குழிகள் குப்பிக்கு நேராக நிற்காது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களுக்கு இதில் பாதி பழகிய கதை. 1972 முதல் அங்கே சில்லுகள் தட்டில்தான் போய்வருகின்றன என்று சொன்னால் மிகை; குழாயிலும் நாடாச் சுருளிலும்கூடப் போகும். ஆனாலும் அந்தக் கறுப்புத் தட்டுகளை அறியாத லைன் இல்லை. ஈரம் போக்க 125 டிகிரியில் சுடுவதையும் அவை தாங்கும். அங்கே பிடிப்பு என்று எதுவுமில்லை. சில்லு தன் எடையில் குழியில் கிடக்கும், மேலே அடுக்கிய தட்டே மூடி, எடுப்பது மேல்பக்கமாக, உறிஞ்சுகுழலால். குப்பி மூடியோ கீழ்ப்பக்கமாக இறங்கவேண்டும். அதனால்தான் அந்த நாக்குகள்.

சில்லுத் தட்டைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துவது வழக்கம். மூடித் தட்டு ஒரு முறைதான். கிருமி நீக்கிய உறையைக் கிழித்து, மூடிகள் எல்லாம் இறங்கியதும், சுத்தமான, ஒரே வகைப் பிளாஸ்டிக்கான அந்தத் தட்டு கழிவுக் கூடைக்குப் போகிறது. மருந்தைத் தொடாத இந்தத் தட்டையும் மருத்துவக் கழிவோடு சேர்த்து எரிப்பது எனக்கு உறுத்துகிறது. தனியாகப் பிரித்துச் சேர்த்தால் பக்கெட்டாகவோ பூத்தொட்டியாகவோ உருக்கி வார்க்கத் தடை ஏதும் இல்லை.