பழைய வானொலிப் பெட்டிகளின் மரக்கூட்டைப் புதுப்பித்தல்

பழைய வால்வு வானொலிப் பெட்டியின் மரக்கூட்டைத் துடைத்து, பழுது நீக்கி, மீண்டும் மெருகேற்றும் கைவேலை மரக்கூடு புதுப்பித்தல் எனப்படும். பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கி பழுதானால் மாற்றிவிடலாம். மேல் மரத்தை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. எனவே, எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொடுவதே இவ்வேலையின் முதல் விதி.

பின்னணி

சென்னை மாகாண வானொலி மன்றம் 1924-இல் ஒலிபரப்பைத் தொடங்கி, பணத் தட்டுப்பாட்டால் 1927-இல் நிறுத்தியது. 1930 முதல் சென்னை மாநகராட்சி அப்பணியை நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கின. அக்காலத்தில் பிலிப்ஸ், மர்பி, எச்.எம்.வி. போன்ற வானொலிகள் வீட்டின் கூடத்தில் மேசை நாற்காலிக்கு இணையான மரச்சாமானாக இடம்பெற்றன. அவற்றை வைத்திருக்க அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் வந்தபின் பல பெட்டிகள் பரணுக்குப் போயின.

கூட்டின் அமைப்பு

பெரும்பாலான கூடுகள் முழு மரத்தால் ஆனவை அல்ல. ஒட்டுப்பலகையின் மேல் வால்நட் போன்ற உயர்ந்த மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டியிருப்பார்கள். இதற்கு வெனீர் என்று பெயர். இதன் தடிமன் பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. பழைய கூடுகளில் ஒட்டுவதற்கு வஜ்ஜிரம் பயன்பட்டது. அது தண்ணீரில் இளகும். ஆகவே ஈரத்துணியால் அழுந்தத் துடைத்தால் வெனீர் கிளம்பிவிடும். பல கூடுகளின் ஓரத்தில் தெரியும் கரும்பழுப்பு நிறம் மரத்தின் நிறமன்று, மெருகோடு கலந்து பூசிய சாயம். மெருகை உரித்தால் அதுவும் போய்விடும்.

மெருகை அறிதல்

கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்க்க வேண்டும். மேற்பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்கு மெருகு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் அது பிற்காலத்தில் பூசிய வார்னிஷாக இருக்கலாம்.

அரக்கு என்பது அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். இந்தியாவில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் மிகுதியாகக் கிடைக்கிறது. இதை ஆராய ராஞ்சியில் 1924-இல் ஒரு நிறுவனம் அமைக்கப்பட்டது. பழைய கிராமபோன் இசைத்தட்டுகளிலும் அரக்கே முக்கியப் பொருள்.

செய்முறை

1. மின் இணைப்பைத் துண்டித்து, உட்பகுதி, குமிழ்கள், ஒலிபெருக்கித் துணி ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். நிலையப் பெயர்கள் அச்சான கண்ணாடியின் பின்புறத்தைத் துடைக்கக் கூடாது, எழுத்து அழிந்துவிடும்.

2. உலர்ந்த தூரிகையால் தூசியை அகற்றி, மிகக் குறைந்த ஈரமுள்ள துணியால் துடைத்து உடனே உலர்த்த வேண்டும். பல பெட்டிகளுக்கு இதோடு சிறிது மெழுகு பூசினாலே போதும்.

3. கிளம்பிய வெனீரின் அடியில் பசை செலுத்தி, பலகை வைத்து இறுக்கி ஒரு நாள் விட வேண்டும்.

4. அரக்கு மெருகு மங்கியிருந்தால் உரிக்கத் தேவையில்லை. 1 லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 200 கிராம் அரக்கைக் கரைத்து வடிகட்ட வேண்டும். பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டி, கரைசலில் தோய்த்து, மர ரேகை ஓடும் திசையில் மெல்லிய பூச்சுகளாகத் தடவ வேண்டும். புதிய பூச்சு பழையதைச் சற்றே கரைத்து அதனுடன் ஒன்றிவிடும்.

5. பூச்சுகளுக்கிடையே 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். மூலைகளில் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும்; வெனீர் முதலில் தேய்ந்து போவது அங்கேதான்.

பருவமும் பாதுகாப்பும்

ஈரக்காற்றில் பூசினால் அரக்கு வெண்மையாகப் பூத்துவிடும். திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, பழவேற்காடு போன்ற கடலோரப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களைத் தவிர்த்து, மாசி, பங்குனி மாதங்களில் இவ்வேலையைச் செய்வது நல்லது.

ஸ்பிரிட்டும் தின்னரும் எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாமல் கையாள வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் வானொலியின் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆகவே உட்பகுதியைக் கழற்றும் வேலையை மாணவர்கள் தாமாகச் செய்யாமல், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் விட வேண்டும்.